ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள்

“என்னடி இது, கண்ணை மூடிக்கிட்டுக் கோத்த மாதிரி இருக்கு!” என்று மணிமாலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள் அக்கா.

தங்கைக்குச் சுருக்கென்றது. தபாலில் மணிகளை மாற்றிக்கொள்ளும் தோழி கோத்து அனுப்பியது அது.

“ஊதாவுக்குப் பக்கத்துல மஞ்சள் வைக்க எனக்குத் தைரியம் வருமாக்கா? அவ கையே தனி!”

கைப்பேசி அடித்தது. தோழிதான், முதல் முறையாக. ஸ்பீக்கரைப் போட்டாள்.

“மாலை வந்துச்சாங்க? எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மணியைத் தடவிப் பார்த்துத்தான் கோக்கறேன்.”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கை கண்ணை மூடி மாலையை வருடினாள். சொரசொரப்பு மெல்ல மெல்ல வழவழப்பாகி, விரல் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. இப்படி ஒன்றைத் தன்னால் கோக்கவே முடியாது.

“இதே மாதிரி பத்து மாலையை நாளைக்குக் கண்காட்சியில வைக்கறேங்க. மனசு நோகக் கூடாதுன்னு வீட்ல எல்லாரும் அழகுங்கறாங்க. பார்க்கறதுக்கு எப்படியிருக்கு? நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்களேன்...”