பதினோராயிரம் பேரும் ஒருத்தியும்

குடைக்கடையின் கண்ணாடிக் கதவில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கடையின் இணையப் பக்கத்தைப் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். எல்லாரும் கடைக்காரரின் மைத்துனர் மொத்தமாக விலைக்கு வாங்கிப் போட்டவர்கள், பாதிப் பேர் மழையே பெய்யாத தேசத்துக்காரர்கள் என்று கேள்வி. கடைக்காரருக்கு வேண்டியது ஒரே ஒருத்தி. கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போன மகள், நான்கு வருடமாக அவர் ஃபோனை எடுப்பதில்லை. அவள் கண்ணில் படட்டும் என்றுதான் தினம் ஒரு குடையை விரித்து, வெட்கத்தில் முகத்தை அதற்குள் ஒளித்துக்கொண்டு, இடையிடையே இருமியபடி வீடியோ போடுகிறார். "இருமுற இடத்தையாவது வெட்டிடுங்க அத்தான், ஜனம் ஓடிடும்" என்கிறார் மைத்துனர். "வெட்டிட்டா அது நான்தான்னு அவளுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று இவர் வெட்டாமலே ஏற்றுகிறார். சற்று நேரத்தில் கைபேசி சிணுங்குகிறது, கடைப் பக்கத்துக்கு ஒரு செய்தி. 'அப்பா, டாக்டர்கிட்ட போனீங்களா?' இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள், மைத்துனர் பொருத்திவைத்த தானியங்கிப் பதில் முந்திக்கொள்கிறது: 'அன்பு வாடிக்கையாளரே, தங்களுக்கு எந்தக் குடை வேண்டும்?' மைத்துனரின் கட்டைவிரல் திரையை நோக்கி நீள்கிறது. "அழிச்சிடவா அத்தான்?" "தொடாதய்யா." அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன, ஓய்கின்றன, மறுபடி துள்ளுகின்றன. 'பெருசா ஒண்ணு. ரெண்டு பேர் நனையாம நடக்கிற மாதிரி.'