தலையில் ஒரு தட்டு

"இன்னொரு தடவை சொல்லுங்க சார், எப்ப தட்டணும்?"

நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்ற கணவரின் கையில் நீண்ட கோல் இருந்தது. அதன் நுனியில் ஒரு பஞ்சுப் பந்து.

"சுவருக்கு ரெண்டு கைவீச்சு இருக்கும்போது உங்க மனைவி தலையில லேசா தட்டணும். முன்னாடியே தட்டினா வேகம் போயிடும்" என்றார் பயிற்சியாளர்.

"பிந்திட்டா?"

"சுவர்ல மோதிடுவாங்க."

மனைவி பார்வையை இழந்து இரண்டு வருடம். நீந்தத் தொடங்கி எட்டு மாதம். அடுத்த வாரம் முதல் போட்டி.

அதோ, வருகிறாள். கோலை நீட்டியபோது வியர்த்த கையிலிருந்து அது நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, நில்லு!" என்று அலறினார். நீரின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

சுவரை நெருங்கியவள் மீன்போலக் குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துத் திரும்பிப் போனாள்.

கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தட்டவே இல்லையே சார். எப்படித் திரும்பினா?"

"இருபத்திரண்டு கைவீச்சு. எண்ணிக்கிட்டே வருவாங்க. மூணு மாசமா அப்படித்தான்."

"அப்ப இந்தக் கோல் எதுக்கு?"

பயிற்சியாளர் தயங்கினார். "போட்டியன்னிக்குத் தட்டுறதுக்கு எங்க ஆள் இருக்காரு. கரையேறினாலே உங்க புலம்பல்தான் காதுல விழுதாம். 'அவர் கையில ஏதாவது வேலை குடுங்க, மனசு அடங்கும்'னு அவங்கதான் கேட்டாங்க."

கணவர் கையை நீட்டித் தண்ணீரில் மிதந்த கோலை எடுத்தார்.

"அடுத்த மாசம் மண்பாண்டம் செய்யப் பழகப் போறாங்களாம். அங்க உங்களுக்கு என்ன வேலை குடுக்கிறதுன்னுதான் இப்ப அவங்களுக்குக் கவலை."