ஆண்டுக்கு ஒரு வாரம்

"எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது" என்றாள் விமலகுமாரி, கண்ணிமைக்காமல்.

பக்கத்தில் இருந்த அவள் கணவர் யோசுவாவுக்குப் புரையேறியது. பெற்று வளர்த்த ஒரே மகன் ஜெனில் அந்த நேரம் திருவனந்தபுரத்தில் வேலையில் இருந்தான். மனைவியின் முழங்கை விலாவில் பட்டதும், யோசுவா இருமலை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால் அது. தீம் பார்க்குகளுக்குப் பக்கத்தில் உள்ள விடுதிகளில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விற்கிற கம்பெனி, மேசை மேசையாகத் தம்பதிகளை உட்காரவைத்திருந்தது. வந்தாலே பரிசு உண்டு என்று அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, பனச்சமூட்டில் இருந்த பெயின்ட் கடையை அடைக்கச் சொல்லி யோசுவாவைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் விமலகுமாரிதான்.

பரிசு அவளுக்குப் பெரிதில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஷாலுவைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

கட்டினால் ஷாலுவைத்தான் கட்டுவேன் என்று ஜெனில் போன மாதம் வீட்டில் சொல்லியிருந்தான். அவள் இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று கேட்டதுமே விமலகுமாரிக்கு மனம் கசந்துவிட்டது. மயக்கிப் பேசி விற்கிறவள், தன் மகனையும் அப்படித்தான் பிடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டாள். யாரென்று சொல்லாமல் போய் உட்கார்ந்து, அந்தப் பெண் பொய் சொல்வதைக் காதால் கேட்டுவிட்டு வந்தால், கல்யாணப் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம்.

ஜெனில் போனில் காட்டிய படம் நினைவில் இருந்தது. எந்த மேசை கிடைக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே படியேறியவளை, ஷாலுவே வாசலுக்கு வந்து தன் மேசைக்குக் கூட்டிப்போனது நல்லதாய்ப் போயிற்று.

சாயா வந்தது. நீரிழிவுக்காரரான யோசுவா, தமக்கு முன்னால் வைக்கப்பட்ட சீனி போடாத சாயாவை நிம்மதியாகக் குடித்தார். ஷாலு இரண்டு விடுதிகளின் படங்களைக் காட்டினாள். ஒன்று கொச்சிப் பக்கம், மற்றொன்று பெங்களூர்ப் பக்கம். இரண்டுக்கும் கூப்பிடு தூரத்தில் தீம் பார்க்.

"தங்கச்சிக்க பிள்ளையளையும் கூட்டிட்டுப் போகணும்" என்று விமலகுமாரி கண்ணி வைத்தாள். "ஏப்ரல், மே மாசம் அறை கிட்டுமா?"

எந்த மாதம் வேண்டுமானாலும் கிடைக்கும் என்று பக்கத்து மேசையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தது இங்கே நன்றாகக் கேட்டது.

"கிட்டாது ஆன்ட்டி" என்றாள் ஷாலு.

இந்தத் திட்டத்தில் ஜூன், ஜூலைதான் கிடைக்கும் என்றாள். அப்போது கொட்டுகிற மழையில் பாதி ராட்டினங்கள் ஓடாது. போகாத வருஷத்துக்கும் பராமரிப்புக்கென்று கட்டித்தான் ஆகவேண்டும் என்பதையும் கேட்காமலேயே சொன்னாள்.

விமலகுமாரி கணவரைப் பார்த்தாள். பொய்யைப் பிடிக்க வந்த இடத்தில் பொய் அகப்படவில்லை.

அதன்பிறகு கேள்வி கேட்டதெல்லாம் ஷாலுதான். சமையலறை உள்ள வீடு வேண்டுமா, வெறும் அறை போதுமா என்று ஆரம்பித்தாள்.

"போன இடத்துலயும் நான் அடுப்பு பத்தவைக்கணுமா? எட்டு மணி வரை உறங்கணும். எனக்க ஆசை அதாக்கும்."

"கூட வாற பொம்பளைப் பிள்ளையளும் எட்டு மணி வரை உறங்கினா?"

"உறங்கட்டும். காலையில சாயா போடுறது இவருக்க வேலையாக்கும்."

யோசுவா ஆமாம் என்றார். தண்ணீர்ச் சறுக்கலில் சேலையோடு விடமாட்டார்கள், அங்கே தருகிற அரைக்கால் உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பெண்கள் இறங்கினால் ஆன்ட்டிக்கு வருத்தம் உண்டா என்று ஷாலு கேட்டாள். முதல் ஆளாய்த் தானே இறங்குவேன் என்றாள் விமலகுமாரி. யோசுவா மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒரே வீட்டுல ஒரு வாரம் இருந்தா பிணக்கம் வருமே ஆன்ட்டி?"

"வரும். ஆனா சோறு விளம்பும்போ நான்தான் முதல்ல பேசுவேன். பேசாம இருக்க எனக்கு ஒக்காது."

ஷாலு சிரித்தாள். அப்போது மேலாளர் வேதமாணிக்கம் பேனாவோடு வந்து நின்றார். இவர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது என்று ஷாலு அவரிடமும் அப்படியே சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸை யோசுவா கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஷாலு படிக்கட்டு வரை வழியனுப்ப வந்தாள். இரண்டு படி இறங்கிய விமலகுமாரி, அதற்குமேல் முடியாமல் திரும்பி ஏறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, நான் பொய் சொல்லிட்டேன். ஜெனிலுக்க அம்மையாக்கும் நான். உன்னைப் பாக்கத்தான் வந்தோம். எங்களுக்கு முழுச் சம்மதம்."

ஷாலு திடுக்கிடவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

"தெரியும் மாமி. ஜெனிலுக்கு அவசரம், வீட்டுல சொல்லிட்டான். நான் இன்னும் அவனுக்குச் சம்மதம் சொல்லல்ல. உனக்க அம்மைகூட ஒருநாள் இருந்து பேசிப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு அவன்கிட்ட சொன்னேன். அதுக்காக்கும் பரிசுன்னு போன் பண்ணி உங்களை வரவழைச்சது."

அப்படியானால் இப்போது என்ன சொல்லப் போகிறாய் என்று யோசுவாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஷாலு விமலகுமாரியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"மாமியைப் பிடிச்சிருக்கு."