கையால் வைத்த குறி

அலுவலகத்தில் விளையாட்டு நாள். கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் போட்டி வைத்தார்கள். எங்கள் அறையின் சார்பில் டார்பிடோ குண்டு விடும் வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அந்த நினைப்பிலேயே திரைமுன் உட்கார்ந்தேன்.

எதிரிக் கப்பல் திரையில் ஊர்ந்தது. நான் ஆட்டோமேட்டிக்கை அணைத்தேன்.

"யோவ், பட்டனைத் தட்டினா அதுவே குறி வைக்கும்ல?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"கையாலதான் வைப்பேன், அண்ணே."

"பெரிய அட்மிரலு!"

கப்பலின் தூரம், வேகம், திசை மூன்றையும் தாளில் எழுதிக் கணக்குப் போட்டேன்.

டைப்பிஸ்ட் அக்கா கொட்டாவி விட்டார். "தம்பி, நீ கூட்டிக் கழிக்கிறதுக்குள்ள அது கரைக்கே போயிரும்."

விட்டேன். டார்பிடோ நெருங்கியதும் கப்பல் மிரண்டுபோய்த் திடீரென்று வேகம் பிடித்தது. அடுத்த நொடி, திரை முழுக்கத் தீ. அறையே துள்ளிக் குதித்தது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"என்னய்யா, அதான் பட்டுடுச்சே?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"அதனாலதான் அண்ணே போச்சு! மூக்குக்கு முன்னால பத்தடி தள்ளிப் போற மாதிரி கணக்குப் போட்டேன். ஆட்டோமேட்டிக்ல விட்டா கட்டாயம் பட்டுடுமே! அந்தக் கப்பல ஓட்டுறது நம்ம மேனேஜரு."

பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது.

"என் கப்பலைக் கவுத்தது யாருய்யா?"

அறையிலிருந்த அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. ஒன்றுகூடக் குறி தவறவில்லை.