ஆசை வரி

"மனசை அடக்கிக்கோ, பூங்கோதை" என்று ஏலக்கூடத்தின் வாசலிலேயே என் கணவர் எச்சரித்தார். ஏலத்தில் எடுக்கும் பொருளுக்கு இப்போது விலையைப் பார்த்து வரி போடுவதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டு எடுக்கிறோம் என்பதைக் கையில் மாட்டும் பட்டை சொல்லிவிடும். அந்த ஆசைக்குத்தான் வரி.

எனக்கென்ன கவலை? சோபாவும் ஃப்ரிட்ஜும் இங்கேதான் எடுத்தோம். இரண்டுக்கும் என் பட்டை பூஜ்யம்தான் காட்டியது. வரி மிச்சமென்று அவருக்குப் பெருமை. எனக்கோ, ஆசைப்படவே மறந்துபோனேனோ என்று உள்ளூர ஒரு பயம்.

அப்போது மேடைக்கு ஒரு பழைய தொலைநோக்கியைக் கொண்டுவந்தார்கள். என் கை தானாக உயர்ந்தது. பட்டை கிடுகிடுவென்று அதிர்ந்தது. பயம் போன இடத்தில் சிரிப்பு வந்தது.

"மேடம், விலையைவிட வரி ரெண்டு மடங்கு" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "ஒரு வாரத்துல ஆசை அடங்கிட்டா வந்து காட்டுங்க. வரியைத் திருப்பித் தந்துடுவோம்."

"அதெல்லாம் அடங்கிடுமுங்க" என்று எனக்காக இவர் பதில் சொன்னார்.

தினமும் இருட்டியதும் மொட்டைமாடிக்கு வந்து கேட்பார்: "அடங்குச்சா?"

"இன்னும் இல்லீங்க."

கெடு முடியும் நாளில், அவர் கேட்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துத் தொலைநோக்கியின் முன் குனியவைத்தேன். சனிக்கிரகம் வளையத்தோடு தெரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

"வரிப்பணத்தை வாங்கப் போலாமுங்களா?" என்றேன்.

"பேசாம இரு புள்ள" என்றார். "மேகம் வர்றதுக்குள்ள பாத்துக்கறேன்."