இரண்டாவது வழக்கு

பன்னிரண்டு மணி வெயில் நீதிமன்ற வராந்தாவில் பாதிவரை ஏறியிருக்கிறது. கணபதிப் பகுதிப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஜெரோம் தன் வலக்கையை வக்கீலின் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். மூன்று வருடத்துக்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் லத்தியால் உடைத்த நான்கு விரல்களும் மடங்காமல் விறைத்து நிற்கின்றன. "மேல்கோர்ட்டுல தோத்துப்போன விஷயத்தையே மறுக்கா இங்க கேக்க முடியாதுன்னு கேஸத் தள்ளுபடி பண்ணிட்டாங்க தம்பி," என்கிறார் வக்கீல். "அங்க ஒருத்தருமே இந்தக் கையப் பாக்கலீங்களே!" ஜெரோம் கையை இன்னும் உயர்த்துகிறான். அன்று அவனை அடித்த எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டே கோர்ட் அறையிலிருந்து வெளியே வருகிறார். "கை சௌக்கியமாடா?" என்று சிரிக்கிறார். ஜெரோம் பாய்ந்து அவர் சட்டையைப் பிடிக்கிறான். பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருள்கிறது. இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனைக் குப்புறத் தள்ளி, அதே கையை முதுகுக்குப் பின்னால் முறுக்குகிறார்கள். உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்கிறது. கிழிந்த உதட்டிலிருந்து வழியும் ரத்தம் சிமெண்ட் தரையில் பரவ, அருகில் நின்ற ஒருவர் செருப்பை நகர்த்திக்கொள்கிறார். "உடுங்க, செத்துப்போயிருவாருங்க!" ஜெரோமின் மனைவி அமலி கான்ஸ்டபிளின் முதுகில் இரு கைகளாலும் அறைகிறாள். பிறகு திரும்பி, மூச்சிரைக்க வக்கீலைப் பார்த்துக் கத்துகிறாள். "ஏனுங்க சார், இதையாச்சும் புதுசாக் கேக்கலாமுங்களா?" வக்கீல் போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்குகிறார். "கேக்கலாம் அம்மணி."