மூன்று காலமும்

துளசிமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழிற்சங்க அலுவலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில், 'வொர்க்' என்ற ஒரே வினைச்சொல்லை மூன்று காலத்திலும் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் கம்பெனியைச் சோதிக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்திருந்தாள். துளசிமணியின் மிஷின் அருகே நின்று, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேனேஜர் முந்திக்கொண்டு "எய்ட்" என்றார். துளசிமணியிடம் திரும்பி, "நீ தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றார்.

துளசிமணி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"யெஸ்டர்டே ஐ வொர்க்ட் ட்வெல்வ் அவர்ஸ்."

'வொர்க்ட்' என்பதன் கடைசி 'ட்' சரியாக விழுந்ததும் அவள் குரல் நிமிர்ந்தது.

"டுடே ஐ ஆம் வொர்க்கிங் ட்வெல்வ் அவர்ஸ்."

"ஏனுங்கக்கா, என்ன சொல்றீங்க?" என்று பக்கத்து மிஷின் பெண் பதறினாள்.

"நேத்தும் இன்னைக்கும் சொல்லிட்டேன் கண்ணு. நாளைக்குத்தான் பாக்கி."

பிறகு மேனேஜரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"டுமாரோ ஐ வில் நாட் வொர்க் ட்வெல்வ் அவர்ஸ்."

வெள்ளைக்கார அம்மாள் பேனாவைத் திறந்து பெயர் கேட்டாள். துளசிமணி இனிஷியலோடு சொன்னாள்.